ஓடி ஜெயித்தார் சாந்தி. பரிசோதனை பறித்தது பதக்கம்!

உடம்பில் ஊறும் ‘ஹார்மோன்’ செய்யும் வேலை

2006-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ந்தேதி.

கத்தார் நாட்டில் உள்ள தோகா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் நடந்தது. அதில் ஒரு தமிழ்ப் பெண் 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி முடித்தார். அவருக்கு இரண்டாவது இடம். வெள்ளிப் பதக்கம்!

அவர் பெயர் சாந்தி சவுந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி கிராமத்தைச் சேர்ந்தவர்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. “இவர் பெண்தானா?” என்று பரிசோதனை நடத்தினார்கள். “தேறவில்லை” என்றார்கள். பதக்கம் பறிபோனது.

சாந்தி ஊக்க மருந்து சாப்பிடவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. பெண்ணாகப் பிறந்தார். பெண்ணாக வளர்ந்தார். பெண்ணாகவே ஓடினார். பிறகு ஏன் இந்தத் தண்டனை?

தாத்தா வாங்கிய ஷூ

சாந்தியின் பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். ஐந்து பிள்ளைகளில் சாந்திதான் மூத்தவர். பெற்றோர் வெளியூர் சூளைக்குப் போனால், தம்பி தங்கைகளைக் கவனிப்பது அவர் பொறுப்பு.

அவருக்கு ஓடக் கற்றுக் கொடுத்தவர் தாத்தா. குடிசைக்கு வெளியே இருந்த மண் தரைதான் மைதானம். ஷூ வாங்கித் தந்தவரும் தாத்தாதான்.

ஓட்டத்தைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடம் சாந்தியைச் சேர்த்துக் கொண்டது. மதியம் சூடாகச் சாப்பாடும் போட்டது. மூன்று வேளையும் சாப்பிடத் தொடங்கியது அதன் பிறகுதான்!

2005-ல் தென்கொரியாவில் நடந்த ஆசிய தடகளப் போட்டியிலும் 800 மீட்டரில் அவர் வெள்ளி வென்றார்.

ஹார்மோன் என்பது என்ன?

நம் உடம்பில் பல சுரப்பிகள் இருக்கின்றன. கழுத்தில் தைராய்டு. வயிற்றில் கணையம். சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் வைத்தது போல அட்ரீனல். இவை சுரக்கும் பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர். அது ரத்தத்தில் கலந்து ஓடும். போகும் இடத்தில் உறுப்புகளுக்குக் கட்டளை போடும்.

நாய் துரத்தினால் நெஞ்சு படபடக்கிறது. கால் தானாக ஓடுகிறது. அது அட்ரீனலின் வேலை. சாப்பிட்ட சர்க்கரையைத் தசைக்குள் அனுப்புவது இன்சுலின்.

தசையை வளர்ப்பதும் எலும்பைக் கெட்டியாக்குவதும் டெஸ்டோஸ்டிரோன். ரத்தச் சிவப்பணுக்களையும் அது பெருக்குகிறது. அதனால் மூச்சுக் காற்று தசைக்கு அதிகமாகப் போய்ச் சேரும்.

இது ஆண்களுக்கு மட்டும் உரியது அல்ல. பெண்களுக்கும் சிறிது ஊறும். ரத்தத்தில் இதை ‘நானோமோல்’ என்ற நுட்பமான கணக்கில் அளக்கிறார்கள். ஆண்களுக்கு ஒரு லிட்டரில் சுமார் 8 முதல் 29 வரை. பெண்களுக்குப் பெரும்பாலும் 2-க்கும் கீழே. இதனால்தான் ஓட்டத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனிப் போட்டி.

பூட்டும் சாவியும்

ஆயிரம் பேரில் எல்லோருக்கும் உடம்பு ஒரே அச்சில் வார்த்தது போல இருக்காது. சில பெண்களுக்குப் பிறவியிலேயே இந்த ஹார்மோன் அதிகமாக ஊறும்.

அப்படி ஊறினால் பலமும் அதே அளவு கூடுமா? கூடாமலும் போகலாம். ஹார்மோன் ஒரு சாவி. அதற்கு ஏற்ற பூட்டு தசையில் இருக்க வேண்டும். சிலர் உடம்பில் சாவி நிறைய இருக்கும். பூட்டு வேலை செய்யாது. எனவே ரத்தத்தில் உள்ள கணக்கை மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது.

கோர்ட்டுக்குப் போன பெண்

ஒடிசாவைச் சேர்ந்த நெசவாளர் மகள் டூட்டி சந்த். ஹார்மோன் அதிகம் என்று கூறி 2014-ல் அவரை ஒதுக்கினார்கள். அவர் சுவிட்சர்லாந்தில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். “இயற்கையாக ஊறும் ஹார்மோனால் எவ்வளவு லாபம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை” என்று 2015-ல் மன்றம் கூறியது. விதியை நிறுத்தி வைத்தது. 2018 ஆசியப் போட்டியில் அவர் இரண்டு வெள்ளி வென்றார்.

அதே டூட்டிக்கு 2023-ல் நான்கு ஆண்டுத் தடை வந்தது. காரணம் வேறு. தடை செய்யப்பட்ட மருந்து அவர் உடலில் இருந்தது. தானாக ஊறுவது ஒன்று. வெளியில் இருந்து உள்ளே போவது வேறு.

விதி அதோடு நிற்கவில்லை. 2019-ல் சில ஓட்டங்களுக்கு மட்டும் 5 நானோமோல் என்று எல்லை போட்டார்கள். 2023-ல் எல்லாப் போட்டிக்கும் 2.5 என்று குறைத்தார்கள். 2025 செப்டம்பர் முதல், உலகப் போட்டியில் பெண்கள் பிரிவில் ஓட ஒரு மரபணுப் பரிசோதனையும் வந்துவிட்டது.

“எங்களுக்கும் நியாயம் வேண்டாமா?” என்று உடன் ஓடும் பெண்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரு பெண்ணின் உடல் ரகசியத்தை ஊரறியச் சொல்லி அவமானப்படுத்துவது எந்த நியாயம்?

மீண்டும் சூளை

சாந்திக்கு அப்போதைய முதல்-அமைச்சர் கருணாநிதி ரூ.15 லட்சம் பரிசு கொடுத்தார். புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்றுக் கொடுத்தார் சாந்தி. ஆனாலும் வறுமை விடவில்லை. 2012-ல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தார். பிறகு பயிற்சியாளர் படிப்பு படித்துத் தேறினார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். பதக்கம் மட்டும் திரும்ப வரவில்லை.

பெற்றோர் கவனிக்க

ஓடுவது தோகாவாக இருந்தால் என்ன, தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரமாக இருந்தால் என்ன? எல்லாப் பிள்ளைகளின் உடம்பிலும் இதே ஹார்மோன்கள்தான் வேலை செய்கின்றன.

பெண் பிள்ளை நன்றாக ஓடினால் நன்றாகச் சாப்பாடு போடுங்கள். கடும் பயிற்சி செய்து அரை வயிறு சாப்பிட்டால் பெண்மைக்கு உரிய ஈஸ்ட்ரோஜன் குறையும். மாதவிலக்கு நிற்கும். எலும்பு பலம் இழந்து விரிசல் விடும். “ஓடுகிற பிள்ளைக்கு இது சகஜம்” என்று இருந்துவிடக் கூடாது. மூன்று மாதம் விலக்கு வராவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

காரணம் இல்லாமல் அசதியா? உடல் பருக்கிறதா? கழுத்தில் வீக்கமா? தைராய்டு கோளாறாக இருக்கலாம். அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

பலம் வர ஊசி போடுகிறேன் என்று யாராவது சொன்னால் விரட்டி விடுங்கள். தேவை இல்லாமல் போடும் ஹார்மோன் ஊசி இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும்.

குரல் கொஞ்சம் கனமாக இருக்கிறது, மீசை அரும்புகிறது என்று எந்தப் பெண்ணையும் கேலி செய்யாதீர்கள். ஊறுவது அவள் கையில் இல்லை. ஓடுவதுதான் அவள் கையில் இருக்கிறது!