பயணத்தில் இன்சுலின்: உங்களுக்கு ஏற்ற குளிர்பெட்டி எது?

நீங்கள் இன்சுலின் போட்டுக்கொள்பவரா? பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளுடன் காரில் கேமரன் மலைக்கோ, தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கோ, திருவிழாவுக்கு ஊருக்கோ போகத் திட்டமிட்டிருக்கிறீர்களா? அப்படியானால், இன்சுலினை எதில் வைத்துக் கொண்டுபோவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காரில் வைக்கும் சிறிய ஃபிரிட்ஜ், ஜெல் கட்டிகளுடன் வரும் பை, தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் உறை எனப் பல வகைகள் கடைகளில் விற்கப்படுகின்றன. அதிக விலையுள்ளதுதான் சிறந்தது என்று நினைக்க வேண்டாம். எங்கே போகிறீர்கள், எத்தனை நாள் தங்குகிறீர்கள் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பலருக்கு ஃபிரிட்ஜே தேவைப்படாது.

இன்சுலினுக்கு எவ்வளவு குளிர்ச்சி தேவை?

• இன்னும் பயன்படுத்தத் தொடங்காத இன்சுலின்: 2 முதல் 8 டிகிரி செல்சியஸ். வீட்டு ஃபிரிட்ஜின் நடுத்தட்டு இதற்கு ஏற்றது.

• இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் பேனா: அறை வெப்பநிலையில் வைக்கலாம். பெரும்பாலான வகைகளை 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் 28 நாள் வரை வைத்திருக்கலாம். சில வகைகளுக்கு 25 டிகிரிதான் உச்சவரம்பு. நாள் கணக்கும் மாறுபடும். மருந்துடன் வரும் தாளைப் பாருங்கள், அல்லது மருந்தாளரிடம் கேளுங்கள்.

சிங்கப்பூரில் பிற்பகல் வெப்பநிலை பெரும்பாலும் 31 முதல் 33 டிகிரி வரை இருக்கும். அதனால், வெயிலில் நடக்கும்போது கைப்பையில் உள்ள பேனாவுக்கும் பாதுகாப்பு தேவை. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டக்கூடும்.

இன்சுலின் ஒரு புரதம். வேகவைத்த முட்டை மீண்டும் பச்சை முட்டை ஆகாது அல்லவா? அதுபோல, கடும் வெப்பத்தில் கெட்ட இன்சுலினைப் பிறகு ஃபிரிட்ஜில் வைத்தாலும் பழைய நிலைக்கு வராது. உறைந்துபோனாலும் இதே கதிதான். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு தெளிவாகத் தெரிந்தாலும், அதைப் பயன்படுத்தாதீர்கள். குளிர்பெட்டி வாங்கும்போது பலர் வெப்பத்தை மட்டுமே நினைக்கிறார்கள். உறைந்துபோவதும் அதே அளவு ஆபத்தானது.

நான்கு வகைக் குளிர்பெட்டிகள்

1. நனைத்துப் பயன்படுத்தும் உறை
மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போலத்தான் இதுவும் வேலை செய்கிறது. உறையின் ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் பேனா குளிர்கிறது. மின்சாரமோ பனிக்கட்டியோ வேண்டாம்; உறைந்துபோகும் அபாயமும் இல்லை. பயன்பாட்டில் உள்ள பேனாவுக்கு இது பொருத்தமானது. ஆனால் 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர்ச்சியை இதனால் தர முடியாது. காற்றோட்டமும் தேவை. பிளாஸ்டிக் பைக்குள் மூடி வைத்தால் பயன் இருக்காது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில், வறண்ட இடங்களைவிடக் குறைவாகவே குளிர்விக்கும்.

2. ஜெல் கட்டி வைத்த குளிர்ப்பை
ஒரு பகல் பயணத்துக்குப் போதுமானது. ஃபிரீசரிலிருந்து எடுத்த ஜெல் கட்டியை உடனே பையில் போடாதீர்கள். அதன் மேல் நீர்த்துளிகள் அரும்பும்வரை சிறிது நேரம் வெளியே வைத்திருங்கள். பிறகு துண்டில் சுற்றி வையுங்கள். இன்சுலின் நேரடியாகக் கட்டியைத் தொடக் கூடாது.

3. கம்ப்ரசர் இல்லாத கார் கூலர்
எடையும் விலையும் குறைவு. ஆனால் இது சுற்றுப்புறத்தைவிட ஏறக்குறைய 15 முதல் 20 டிகிரிதான் குறைக்கும். கார் உள்ளே 38 டிகிரி என்றால், பெட்டிக்குள் சுமார் 20 டிகிரி இருக்கும். பயன்பாட்டில் உள்ள பேனாவுக்கு அது போதும். இருப்பில் உள்ள இன்சுலினுக்குப் போதாது. இத்தகைய சில கூலர்களில் சூடாக்கும் பொத்தானும் உண்டு. கை தவறி அதை அழுத்திவிட்டால் மருந்து வீணாகிவிடும். அந்தப் பொத்தான் இல்லாததை வாங்குவது நல்லது.

4. கம்ப்ரசர் உள்ள கார் ஃபிரிட்ஜ்
வீட்டு ஃபிரிட்ஜைப் போலவே இயங்கும். வெளியே கடும் வெப்பம் இருந்தாலும் 2 முதல் 8 டிகிரியில் வைத்திருக்கும். கூடாரம் அடித்துத் தங்குபவர்களும், வேனில் மலேசியாவைக் கடந்து தாய்லாந்துவரை பல நாள் பயணம் செய்பவர்களும் பயன்படுத்துவது இதைத்தான். விலை அதிகம், எடையும் அதிகம். வெப்பநிலையை மிகவும் குறைத்து வைத்தால் உறையவும் செய்யும்.

எவ்வளவு பெரியது வேண்டும்?

மருந்துக்கு மட்டும் என்றால் சிறியதே போதும். வழக்கமான 3 மில்லிலிட்டர் பேனா ஒன்றில் 300 யூனிட் இன்சுலின் இருக்கும். நாளொன்றுக்கு 30 யூனிட் போட்டுக்கொள்பவருக்கு ஒரு பேனா ஏறக்குறைய 10 நாள் வரும். மூன்று வாரப் பயணத்துக்கு மூன்று பேனா. தொலைந்தாலோ கெட்டாலோ சமாளிக்க இரு மடங்கு எடுத்துக்கொண்டாலும் ஆறுதான். உணவும் பானமும் சேர்த்து வைக்க நினைத்தால் மட்டுமே பெரிய ஃபிரிட்ஜ் தேவை. அடிக்கடி திறந்து மூடினால் உள்ளே வெப்பநிலை மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் பயணத்துக்கு எது?

• ஜொகூர் பாரு, மலாக்கா என ஓரிரு நாள்: பயன்பாட்டில் உள்ள பேனாவும், நனைத்துப் பயன்படுத்தும் உறையும். கூடுதல் பேனா கொண்டுபோனால் ஜெல் கட்டிப் பை.

• கோலாலம்பூர், பினாங்கு என ஒரு வாரம், ஹோட்டலில் தங்குதல்: வழியில் ஜெல் கட்டிப் பை, போய்ச் சேர்ந்ததும் அறையில் உள்ள ஃபிரிட்ஜ். சில ஹோட்டல் ஃபிரிட்ஜ்கள் போதுமான அளவு குளிர்வதில்லை. சிலவற்றில் பின்சுவரை ஒட்டி வைத்தது உறைந்துவிடுகிறது. முதலில் சோதித்துப் பாருங்கள்.

• கூடாரத்திலோ வேனிலோ பல நாள்: கம்ப்ரசர் உள்ள கார் ஃபிரிட்ஜ்.

• தமிழ்நாட்டில் சில வாரம்: கத்திரி வெயில் காலத்தில் வேலூர், திருச்சி, மதுரை போன்ற ஊர்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது உண்டு. இருப்பை உறவினர் வீட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். மின்வெட்டு நேரத்தில் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காதீர்கள். வெளியே போகும்போது நனைத்துப் பயன்படுத்தும் உறை போதும்.

கார் ஃபிரிட்ஜைப் பயன்படுத்தும்போது

• புறப்படுவதற்கு முந்தைய நாளே வீட்டு மின்சாரத்தில் இணைத்து, 5 டிகிரியில் வைத்துக் குளிரவிடுங்கள்.

• தனியாக ஒரு சிறிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, மருந்தின் பக்கத்திலேயே வையுங்கள். ஃபிரிட்ஜின் திரையில் தெரியும் எண்ணும் மருந்து இருக்கும் இடத்தின் வெப்பநிலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மிகக் குறைந்த அளவையும் மிக உயர்ந்த அளவையும் பதிவு செய்யும் தெர்மாமீட்டராக இருந்தால், இரவில் உறைநிலைக்குப் போனதா என்பது காலையில் தெரிந்துவிடும்.

• பேனாக்களை ஒரு டப்பாவில் போட்டு நடுவில் வையுங்கள். உள்சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

• பல கார்களில் எஞ்சினை நிறுத்தினால் 12 வோல்ட் மின் இணைப்பும் நின்றுவிடும். வேறு சில கார்களில் நிற்காது; ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருந்து கார் பேட்டரி தீர்ந்துவிடும். பேட்டரி குறைந்தால் தானே நின்றுவிடும் வசதி உள்ள ஃபிரிட்ஜை வாங்குங்கள். ஆனால் அது நின்ற பிறகு குளிர்ச்சியும் குறையத் தொடங்கும். ஜெல் கட்டிப் பையும் கையில் இருக்கட்டும்.

• சாப்பிட இறங்கும்போது மருந்தைக் காரிலேயே விட்டுப் போகாதீர்கள். டப்பாவை ஜெல் கட்டிப் பைக்கு மாற்றி உடன் எடுத்துச் செல்லுங்கள்.

எல்லையிலும் விமானத்திலும்

பண்டிகைக் காலத்தில் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் பல மணி நேரம் காத்திருக்க நேரலாம். அதையும் பயண நேரத்தில் சேர்த்துக் கணக்கிடுங்கள். பேருந்தில் போகிறவர்கள் இன்சுலினைக் கீழே சரக்கு அறையில் போடாமல், கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் போகும்போது இன்சுலின் எப்போதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்குப் பகுதியில் உறைந்துபோகலாம். பெட்டி வந்து சேராமலும் போகலாம். மருத்துவரின் கடிதத்தையும் மருந்துச் சீட்டையும் உடன் வைத்திருங்கள். அவற்றில் உள்ள பெயர் கடப்பிதழில் உள்ளதைப் போலவே இருக்கட்டும். பேட்டரியில் இயங்கும் குளிர்பெட்டி வைத்திருந்தால், அதை அனுமதிப்பார்களா என்று விமான நிறுவனத்திடம் முன்னதாகவே கேளுங்கள். பவர் பேங்கைச் சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது.

இன்சுலின் கெட்டுவிட்டதா?

தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கியிருந்தால் பயன்படுத்தாதீர்கள். பால் போன்ற இன்சுலினை உள்ளங்கையில் மெதுவாக உருட்டிய பிறகும் கட்டிகளோ துகள்களோ தெரிந்தால், அதையும் பயன்படுத்தாதீர்கள். பார்வைக்கு நன்றாக இருந்தும் இன்சுலின் வீரியம் இழந்திருக்கலாம். எனவே பயணத்தில் இரத்தச் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி சோதியுங்கள். காரணமில்லாமல் சர்க்கரை ஏறினால் புதிய பேனாவுக்கு மாறுங்கள். மருத்துவரைக் கேட்காமல் அளவைக் கூட்டாதீர்கள். கெட்டுப்போன பேனாவில் அளவைக் கூட்டிப் பழகியவர், நல்ல பேனாவுக்கு மாறும்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிடக்கூடும்.

அளவுக்கு மீறிய தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, குழப்பம் ஆகியவை தெரிந்தால் தாமதிக்காமல் உதவி கேளுங்கள். அவசர மருத்துவ வாகனத்துக்குச் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, தமிழ்நாட்டில் 108 என்ற எண்ணை அழைக்கலாம்.

புறப்படுமுன் சரிபாருங்கள்

• பயன்பாட்டில் உள்ள பேனாவில், அதைத் திறந்த தேதியை எழுதிவிட்டேனா?
• கூடுதல் பேனா, ஊசிகள், சர்க்கரை அளக்கும் கருவி, சோதனைப் பட்டைகள் எல்லாம் இருக்கின்றனவா?
• சர்க்கரை இறங்கினால் உடனே சாப்பிட, மிட்டாயோ குளுக்கோஸோ இருக்கிறதா?
• இன்சுலின் எங்கே இருக்கிறது என்பது உடன் வருபவருக்குத் தெரியுமா?

பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தக மருந்தாளரையோ பாருங்கள். நீங்கள் போடும் இன்சுலினின் பெயர், போகும் ஊர், தங்கும் நாள் ஆகிய மூன்றையும் சொன்னால், அதை எத்தனை டிகிரியில், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று அவர்கள் சொல்வார்கள். அதைத் தெரிந்துகொண்ட பிறகு குளிர்பெட்டி வாங்கக் கடைக்குப் போங்கள்.