பணியிடமும் பண்பும்

வேலையில் ஒருவன் சோம்பி நின்றால் அஃது அவன் இயல்பு என்று கூறிவிடுகிறோம். துணிந்து முன்னின்றால் பிறவிக் குணம் என்று போற்றுகிறோம். இயல்புக்கும் இதில் பங்குண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பணியிடத்தின் நிலைமையும் அங்குள்ள ஏற்பாடும் மனிதன் நடத்தையை எவ்வளவு மாற்றுகின்றன என்பதைக் கோலார் தங்கவயலின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்ட பின்னர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் திரளாக வந்து ஊரிகத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசைக் கடந்தது. அழுத்தம் மிகுந்து பாறை திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு. இத்தகைய இடத்தில் ஒருவன் உயிர் மற்றவன் கவனத்தில் இருக்கிறது. முட்டுக் கொடுப்பவன் அயர்ந்தால் துளையிடுபவன் மடிவான். ஆகவே, மேலே பேச்சுவார்த்தை இல்லாதவர்களும் கீழே இறங்கியதும் ஒருவருக்கொருவர் காவலாக வேண்டியிருந்தது. இப்பாடத்தைச் சுரங்கமே கற்பித்தது.

மேலே வந்தால் நிலைமை வேறு. தங்கம் களவு போகாமலிருக்கத் தொழிலாளரைச் சோதனையிட்டனர். 1930இல் கைரேகைப் பதிவு முறையைக் கொணர முற்பட்டபோது அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கீழே ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்களே மேலே எதிர்த்து நின்றனர். அவர்கள் குணமா மாறிற்று? ஒருவரையொருவர் நம்பியாக வேண்டிய நிலை கீழே. தம்மை ஐயுறும் நிலை மேலே.

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் இவ்வுண்மை புலப்பட்டது. ட்ரிஸ்ட், பாம்ஃபோர்த் என்னும் இருவர் 1951இல் தம் ஆய்வை வெளியிட்டனர். முன்னர்ச் சிறு குழுவினர் ஒரு வேலையைத் தொடக்கமுதல் முடிவுவரை தாமே செய்தனர். பின்னர் இயந்திரம் வந்தது. வேலை கூறுகூறாகப் பிரிந்து மூன்று முறைகளுக்குப் பங்கிடப்பட்டது. ஒரு முறையினர் விட்டுச்சென்ற குறை அடுத்தவர் தலையில் விழுந்தது. பழிசுமத்தலும் வேலைக்கு வராமையும் பெருகின. குழுவே முழுப்பொறுப்பையும் ஏற்கும் ஏற்பாடு சில சுரங்கங்களில் மீண்டும் அமைந்தபோது, வராமை குறைந்தது; விளைவும் உயர்ந்தது.

தங்கவயல் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அதன்பின் ஊரிக மக்கள் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கச் செல்லலாயினர். சுரங்கத்தில் தோழன் குரலுக்கு உடனே ஓடியவன், முன்பின் அறியாதார் நடுவே, நாளை வேலை உண்டோ இல்லையோ என்ற நிலையில், ஏவியதை மட்டும் செய்து வாளாவிருக்கக்கூடும். அவனை ஊக்கமற்றவன் என்பது முறையன்று.

பிற மாநிலங்களில் பணிபுரியும் நம்மவர் பலர் இன்று ஏவலராகவும் மேற்பார்வையாளராகவும் இருக்கின்றனர். ஒருவனைக் குறைகூறுமுன், அவனை நம்பிப் பொறுப்பளித்தோமா, அவன் வேலையின் பயன் அவனுக்குத் தெரியுமா என்று வினவுதல் நன்று. ஆளை மாற்றுவதற்கு முன் ஏற்பாட்டை மாற்றிப் பார்ப்போமாக.