மாட்டின் மூக்கில் வாழும் குளத்துப் புழு

தட்டைப்புழுக்களுள் நன்னீரில் தம்போக்கில் ஊர்ந்து இரைதேடி வாழ்வனவும் உண்டு. ஆயுளின் ஒரு பகுதியைக் குளத்திலும் எஞ்சியதை விலங்குகளின் உடலிலும் கழிக்கும் ஒட்டுண்ணிகளும் உண்டு. இரண்டாம் வகையைச் சேர்ந்த சிஸ்டோசோமா நசாலே என்னும் இனத்தை, 1933ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் எம். அனந்த நாராயண ராவ் விவரித்தார். மாட்டின் மூக்குச் சவ்விலுள்ள இரத்த நாளங்களில் இது முட்டையிடுவதால், அவ்விடத்தில் பூக்கோசு போன்ற கழலைகள் வளர்ந்து மூச்சுவழியை அடைக்க, மாடு குறட்டையொலியுடன் மூச்சுவிடத் தொடங்குகிறது. எருமையில் நோய்க்குறிகள் பெரும்பாலும் மிதமாகவே இருக்கும்.

மாடு நீரருந்தக் குனியும்போது சளியுடன் முட்டைகள் நீரில் கலக்கின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் நுண்ணிய குடம்பிகள், அதாவது இளம்பருவ உயிர்கள், இந்தோபிளனோர்பிஸ் எக்சஸ்டஸ் என்னும் தட்டைச்சுருள் நத்தைக்குள் புகுந்து பெருகுகின்றன. பின்னர் கவைவால் கொண்ட வேறுவடிவக் குடம்பிகளாக நீரில் இறங்கி, அங்கே நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உட்செல்கின்றன. மனிதரின் தோலில் புகுந்தால் அவை முதிர்ச்சியடைவதில்லை. ஆயினும் வயலில் இறங்குவோருக்கு அரிப்பும் தடிப்பும் உண்டாகலாம்.

ஆகவே இப்புழுவின் பரம்பலைத் தீர்மானிப்பதில் மாட்டைவிட நத்தைக்கே பங்கு அதிகம். தேங்கிய நீரையும் நீர்த்தாவரங்களையும் விரும்பும் இந்நத்தை, தன்கருவுறல் மூலம் ஒன்றிலிருந்தே பெருகவல்லது. குளம் வற்றினாலும் சேற்றில் புதைந்து கோடையைக் கடக்கவும் வல்லது. நத்தை பரவியுள்ள இந்தியாவிலும் இலங்கையிலும் இப்புழுவும் பதிவாகியுள்ளது.

வற்றாத ஆறில்லாத, சுண்ணக்கல் நிலமான யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரி மழையால் நிரம்பும் குளங்கள் கோடையில் சுருங்கும்போது, எஞ்சிய சிறு நீர்நிலையில் மாடுகளும் நத்தைகளும் நெருங்கிவிடும் சூழல் எளிதில் உருவாகும். இவ்விடத்தில் முன்னோரின் ஏற்பாடு ஒன்று எண்ணத்தக்கது: மாடுகள் உடலை உரசிக்கொள்ள நட்ட ஆவுரோஞ்சிக் கல்லுக்கு அருகே தொட்டி கட்டி, கிணற்றுநீரை இறைத்து நிரப்பினர். மாடு குளத்தில் இறங்காமல் நீரருந்துவதால் தொற்று தோலை எட்டும் வாய்ப்புக் குறைகிறது. தொட்டி அடிக்கடி கழுவப்பட்டால் நத்தையும் அங்கே நிலைக்காது. பிராசிகுவாண்டல் போன்ற மருந்துகள் இன்று உண்டென்றாலும், குணமான மாடு அதே குளத்தில் மீண்டும் இறங்கினால் தொற்று மீள வாய்ப்புண்டு. எனவே மாடு வளர்ப்போர் குறட்டையொலி கேட்டவுடன் மிருக வைத்தியரை நாடுவதோடு, பாழடைந்து கிடக்கும் தொட்டிகளைத் திருத்திப் பயன்படுத்தவும் முன்வர வேண்டும்.