விறகுக்குரிய பருவம்

நுழையும்முன்

அடுப்பில் புகை மண்டினால் ஊதுகுழலைக் குறை கூறுகிறோம். அடுப்பைக் குறை கூறுகிறோம். உண்மையில் அந்தப் புகைக்குக் காரணமானவர் விறகை வேண்டாத காலத்தில் வெட்டியவராக இருக்கலாம். எந்த மரத்தை வெட்டுவது என்பதைப் போலவே, எப்போது வெட்டுவது என்பதும் ஓர் அறிவே. உழவுக்குப் பருவம் பார்க்கும் நம் ஊர்களில் விறகுக்கும் பருவம் பார்க்கும் வழக்கம் உண்டு. அவ்வழக்கின் உள்ளே இருக்கும் அறிவியலை இக்கட்டுரை விளக்குகிறது.

நீரைச் சுமக்கும் தலை

சமையல் எரிவாயு பரவலாக வந்துவிட்ட பின்னும் விறகு நம் வாழ்விலிருந்து முற்றிலும் நீங்கவில்லை. திருமணப் பந்தியின் கோட்டை அடுப்பிலும், நெல் அவிக்கும் களத்திலும், செங்கல் சூளையிலும், சிற்றூர் வீடுகளின் வெந்நீர் அடுப்பிலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கிறது. விறகை வெட்டியும் பொறுக்கியும் தலைச்சுமையாகக் கொண்டுவருவோர் பெரும்பாலும் பெண்கள்.

அப்போதே வெட்டிய பச்சை மரத்தில், மரவகையைப் பொறுத்து, எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கும் மேல் நீர் இருக்கும். பாதி நீர் எனக் கொள்வோம். ஒரு பெண் 20 கிலோ பச்சை விறகைச் சுமந்துவந்தால், அதில் 10 கிலோ நீர். அதே விறகு, நீரின் பங்கு 20 விழுக்காடாகக் குறையும்வரை உலர்ந்திருந்தால், அதன் எடை பன்னிரண்டரைக் கிலோ மட்டுமே. எரியும் பொருள் இரண்டிலும் ஒன்றே. ஏழரைக் கிலோ வீண் சுமை.

இழப்பு அதனோடு முடிவதில்லை. ஒரு கிலோ நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்து ஆவியாக்க ஏறத்தாழ 610 கிலோ கலோரி வெப்பம் தேவை. நன்கு உலர்ந்த மரம் கிலோவுக்கு ஏறத்தாழ 4,500 கிலோ கலோரி தரும். ஆகவே, மேற்சொன்ன பச்சை விறகு தரும் 45,000 கிலோ கலோரியில் 6,100 அதன் நீரை விரட்டவே செலவாகும். இது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. விறகு சூடேறும்போது அதிலிருந்து எரியக்கூடிய வாயுக்கள் வெளிவருகின்றன. நாம் காணும் தழல் இவ்வாயுக்கள் எரிவதே. இவை முழுமையாக எரிய ஏறத்தாழ 600 பாகை செல்சியசு வெப்பநிலை வேண்டும். ஈர விறகில் எழும் நீராவி அடுப்பைக் குளிரச் செய்வதால் அவ்வெப்பநிலை எட்டப்படுவதில்லை. எரியாத வாயுக்களும் நுண்துகள்களும் புகையாக வெளியேறுகின்றன. எனவே, புகை என்பது வீணாய்ப்போன எரிபொருள். மூச்சில் கலக்கும் நஞ்சும் அதுவே. சமையல் எரிபொருள்களால் வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசு காரணமாக 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உயிரிழந்தனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

எது நல்ல பருவம்?

இலையுதிர்ந்த காலத்தில் மரத்தில் நீர் வற்றியிருக்கும்; ஆதலால் அப்போது வெட்டவேண்டும் என்று சிலர் கூறுவர். இதில் ஓரளவே உண்மை உண்டு. உயிருள்ள மரம் எப்பருவத்திலும் தன்னுள் மிகுந்த நீரைக் கொண்டதாகவே இருக்கும். வெட்டும் நாளில் எவ்வளவு நீர் இருந்தது என்பதைவிட, வெட்டிய நாளுக்கும் அடுத்த மழைக்கும் இடையே எத்தனை வறண்ட நாள்கள் கிடைக்கும் என்பதே முதன்மையானது. விறகின் பருவத்தை முடிவு செய்வது மரம் மட்டுமன்று, வானமும்தான்.

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. நம் முன்னோர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அப்பகுப்பைக் கொண்டே விறகின் பருவத்தை ஆராயலாம்.

கார் காலம் ஆவணியும் புரட்டாசியும்; கூதிர் காலம் ஐப்பசியும் கார்த்திகையும். இந்நான்கு மாதங்களில் வெட்டிய விறகு எளிதில் உலராது. மரம் தன்னைச் சூழ்ந்த காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கும் இயல்புடையது. காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காடாக இருக்கும்போது மரம் தன் உலர் எடையில் 11 விழுக்காடு அளவுக்கு நீரைத் தக்கவைக்கும். 90 விழுக்காடாக உயர்ந்தால் அது 20 விழுக்காட்டை எட்டும். மழையில் நனைந்து கிடக்கும் கட்டையிலோ பூஞ்சை படரும். எரியவேண்டிய பொருளை அது தின்றுவிடும்.

முன்பனிக் காலமாகிய மார்கழியிலும் தையிலும் மழை படிப்படியாக ஓய்கிறது. ஆயினும் விடியலில் பனி கொட்டும். இக்காலத்தில் கருதவேண்டிய வேறொன்றும் உண்டு. ஏரி, கண்மாய்களில் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது இப்போதுதான். இராமநாதபுரம் மாவட்டத்தின் காஞ்சிரங்குளம், சித்திரங்குடி போன்ற பறவைகள் காப்பிடங்களில் இதனைக் காணலாம். காப்பிடங்களிலும் காப்புக்காடுகளிலும் மரம் வெட்டுவது குற்றம். ஊர்க் கண்மாயிலும் கூடுள்ள மரத்தைத் தொடாதிருப்பதே அறம்.

பின்பனிக் காலமாகிய மாசியும் பங்குனியுமே தமிழகத்தின் பெரும்பகுதிக்கு ஏற்ற பருவம். காரணங்கள் மூன்று. முதலாவது, இவற்றை அடுத்து வருவன வெயில் மிகுந்த மாதங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆறு மாத அளவுக்கு உலரும் காலம் கிடைக்கிறது. இரண்டாவது, இலையுதிர்க்கும் மரங்கள் பல இப்போது வெறுங்கிளைகளோடு நிற்பதால் வெட்டுவதும் சுமப்பதும் எளிது. மூன்றாவது, வயல்வேலை குறைந்திருக்கும் காலமாதலால் ஆள் கிடைக்கும்.

இளவேனிலாகிய சித்திரையிலும் வைகாசியிலும் வெட்டினால் மெல்லிய கிளைகள் உலர்ந்துவிடும். பருத்த கட்டைகளுக்குக் காலம் போதாது. முதுவேனிலாகிய ஆனியும் ஆடியும் வெட்டுவதற்குரியன அல்ல. முன்னரே வெட்டியதைப் புரட்டி அடுக்கிக் காற்றில் உலர்த்தி, கூரைக்குள் சேர்ப்பதற்குரியன. ஆடிக்காற்று விறகுக்கு நண்பன்.

இக்கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றன்று. கன்னியாகுமரி மாவட்டத்திலும் மேற்குத்தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர்களிலும் சூன் மாதத்திலேயே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அங்குத் தை பிறந்ததும் வெட்டி வைகாசிக்குள் கூரையேற்றிவிட வேண்டும். மாதத்தின் பெயரன்று, மழையின் வருகையே அளவுகோல்.

வெட்டிய மரம் மீண்டும் எழ

விறகு வெட்டுவோர் நினைவிற்கொள்ள வேண்டியது அடுத்த ஆண்டின் விறகையும்தான். வேம்பு, புங்கம் போன்ற மரங்கள் வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். அத்துளிரை வளர்ப்பது வேரிலும் அடிமரத்திலும் சேர்ந்திருக்கும் மாவுப்பொருள். புதுத்தளிர் விட்டபின் வெட்டினால் அச்சேமிப்பின் ஒரு பகுதி இழந்த தளிரோடு போய்விடும். தளிர்க்குமுன் வெட்டினால் அது முழுவதும் மறுதுளிருக்குப் பயன்படும். விறகு உலர்வதற்கு ஏற்ற பருவமே மரம் பிழைப்பதற்கும் ஏற்றதாக அமைவது நற்பேறு.

வெட்டுவாய் கூரிய கருவியால், பட்டை கிழியாமல், மழைநீர் தங்காதபடி சாய்வாக அமையவேண்டும். சவுக்கு அடிக்கட்டையிலிருந்து எளிதில் துளிர்ப்பதில்லை. அதனை வெட்டினால் புதிய கன்று நடுவதே வழி.

சீமைக்கருவேலத்தின் நிலை இதற்கு நேர்மாறு. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கும் நோக்கோடு இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. வறண்ட மாவட்டங்களின் அடுப்பை அது எரியவைத்தது. இராமநாதபுரத்துக் கரிமூட்டத் தொழிலுக்கும் அதுவே மூலப்பொருள். ஆனால், நீர்நிலைகளையும் தரிசுகளையும் ஆக்கிரமித்து, நாட்டு மரங்களை வளரவிடாமல் செய்தது. இதனை விறகுக்காக மேலோடு வெட்டினால் முன்னினும் அடர்ந்து துளிர்க்கும். ஒழிப்பதே நோக்கமெனில் வேர்க்கழுத்தோடு தோண்டி எடுக்கவேண்டும். மண் இளகியிருக்கும் மழைக்காலத்தின் இறுதி அதற்கு ஏற்றது. தோண்டிய மரம் அடுத்துவரும் வெயிலில் உலர்ந்து விறகாகும்.

உலர்த்தும் முறை

மரத்தின் நீர் பெரும்பாலும் இழையின் போக்கிலேயே நகர்ந்து, வெட்டுமுனைகளின் வழியே வெளியேறுகிறது. பட்டை நீரை எளிதில் வெளிவிடுவதில்லை. ஆதலால் விறகைக் குட்டையாகத் துண்டித்துப் பிளப்பது முதற்பணி. பச்சையாக இருக்கும்போது பிளப்பதும் எளிது. உலர்ந்து இறுகியபின் கோடரிக்குக் கடினம்.

பிளந்ததைத் தரையில் குவிக்கலாகாது. மண்ணின் ஈரம் ஏறும், கறையான் பற்றும். கற்களின்மேல் கழிகளைப் பரப்பி, வெயிலும் காற்றும் புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கவேண்டும். கோடை மழைக்கு மேற்பகுதியை மட்டும் மூடினால் போதும். பக்கங்களை மூடினால் உள்ளே வேர்க்கும்.

நன்கு உலர்ந்த விறகைப் புலன்களே அறியும். முனைகளில் வெடிப்பு தோன்றும். பட்டை தானே கழலும். இரு துண்டுகளைத் தட்டினால் மந்தமாக ஒலிக்காமல் கணீரென்று ஒலிக்கும். ஐயமிருப்பின் எடையைப் பார்க்கலாம். ஒரு துண்டைக் குறியிட்டு வாரந்தோறும் நிறுத்து வரவேண்டும். வறண்ட நாள்களில் எடை குறைவது நின்றுவிட்டால் அது அடுப்புக்குரியதாயிற்று.

காலம் கற்பிக்கும் சிக்கனம்

உலர்ந்த விறகும் புகையே இல்லாததன்று. ஆனால், அதன் புகை குறைவு. குறைவான விறகில் சோறு வேகும். வெட்டப்படும் மரம் குறையும். சுமக்கும் தலைக்கும் இருமும் நெஞ்சுக்கும் ஆறுதல் கிடைக்கும். இதற்குப் பொருட்செலவு வேண்டியதில்லை. ஆறு மாதத்திற்கு முன்னரே எண்ணிப் பார்த்தல் ஒன்றே வேண்டும். ஐப்பசி அடைமழையில் அடுப்பு எரியுமா என்பது மாசி வெயிலிலேயே முடிவாகிவிடுகிறது.

கற்பவை கற்றபின்

1. பச்சை விறகுத் துண்டு ஒன்றை எட்டு வாரங்கள் நிறுத்து, எடைக் குறைவை அட்டவணையாக்குக.
2. உங்கள் ஊரில் விறகு வெட்டும் மாதங்களைப் பெரியோரிடம் கேட்டறிந்து, அவற்றை உங்கள் ஊரின் மழைக்காலத்தோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.