புலம்பலும் துதியும்: ஹிப் ஹாப் இசையும் திருச்சபையின் செவியும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையும் அவர்களது சமய வாழ்வும் பிரிக்கவொண்ணாதவை என்பதை இறையியல் பயில்வோர் அறிவர். நியூயார்க் யூனியன் இறையியல் கல்லூரியில் கற்பித்த ஜேம்ஸ் கோன், 1972-ல் வெளியிட்ட நூலொன்றில், அடிமைகள் பாடிய ஆவிக்குரிய பாடல்களோடு, ஆலயத்துக்கு வெளியே பாடப்பட்ட புளூஸ் பாடல்களையும் சேர்த்து ஆராய்ந்தார். இரண்டும் ஒரே துன்ப வாழ்வினின்று எழுந்தவை; ஒரு மக்களினத்தின் விசுவாசப் போராட்டம் இரண்டிலும் பதிந்துள்ளது என்பது அவர் கொண்ட முடிபு. அந்நூல் வெளிவந்த மறு ஆண்டில் அதே நகரில் மற்றோர் இசை பிறந்தது. ஹிப் ஹாப் என வழங்கும் அவ்விசையைத் திருச்சபை எவ்வாறு கேட்டது, எவ்வாறு கேட்கவேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறந்த களம்

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியை ஊடறுத்து 1948 முதல் 1972 வரை ஒரு விரைவுச் சாலை அமைக்கப்பட்டது. அதன்பொருட்டு ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். வசதியுடையோர் வெளியேறினர், எஞ்சியோரிற் பலர் ஏழைகளான கறுப்பினத்தாரும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் ஆவர். 1970-களில் அங்குக் குடியிருப்புகள் தீக்கிரையாவது வழக்கமாயிற்று. காப்பீட்டுப் பணத்துக்காக உரிமையாளர்களே தீ வைப்பித்ததும் உண்டு.

இச்சூழலில், 1973 ஆகஸ்டு 11 அன்று, அங்குள்ள அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் நடந்த இளைஞர் விருந்தில், ஜமைக்காவில் பிறந்த கிளைவ் காம்ப்பெல் இசைத்தட்டுகளை இயக்கினார். 'கூல் ஹெர்க்' என்பது அவர் பூண்ட பெயர். பாட்டு ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை, ஒரே இசைத்தட்டின் இரு படிகளை மாற்றி மாற்றி இயக்கி நீட்டும் முறையை அவர் வளர்த்தார். அத்தாளத்தின்மேல் எதுகை அமையப் பேசும் கலையே 'ராப்' எனப்பட்டது. முதலில் கேளிக்கையாக இருந்த அக்கலை, 1982-ல் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் குழுவினரின் 'தி மெசேஜ்' என்னும் பாடலால், ஏழைகளின் வாழ்வுக்குச் சாட்சி பகரும் கலையாகவும் ஆயிற்று.

தாளத்தோடு பேசுதல் கறுப்பினத் திருச்சபைக்குப் புதிதன்று. போதகர் பேச்சிலிருந்து படிப்படியாக இராகத்துக்கு ஏறுவதும், சபையார் இடையிடையே மறுமொழி கூறுவதும் அவர்களது பிரசங்க மரபு. ராப் கலைஞர் அழைக்க, கூடியிருப்போர் மறுமொழி கொடுக்கும் வழக்கம் இம்மரபோடு உறவுடையது.

பல சமயக் குரல்கள்

எனினும், ஹிப் ஹாப் இசையின் சமயக் குரல் கிறிஸ்தவக் குரல் மட்டுமே என்று கொள்வது தவறு. 1964-ல் ஹார்லெம் பகுதியில் தோன்றிய 'ஐந்து விழுக்காட்டார்' இயக்கம் இவ்விசையின்மேல் பெரும் செல்வாக்குச் செலுத்திற்று. 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' அமைப்பிலிருந்து பிரிந்த இவ்வியக்கம், மெய்யறிவு உடையோர் மக்களில் ஐந்து விழுக்காட்டினரே என்றும், கறுப்பின மனிதனே கடவுள் என்றும் போதித்தது. ராக்கிம், வூ-டாங் கிளான் குழுவினர் முதலானோரின் பாடல்களில் இப்போதனையின் சொற்கள் மிகுதியாக உள்ளன. கடவுளைப் பற்றிய இக்கூற்றை நாம் ஏற்கவியலாது. ஆயினும், மனிதராகவே மதிக்கப்படாத மக்கள் இக்கூற்றில் எதைத் தேடினர் என்பது, தேவசாயலைப் பற்றிப் போதிக்கும் திருச்சபை தன்னையே கேட்டுக்கொள்ளவேண்டிய வினாவாகும்.

புலம்பலின் மரபு

இவ்விசையிலுள்ள கிறிஸ்தவக் குரலை விளங்கிக்கொள்ளச் சங்கீதங்களே ஏற்ற வழிகாட்டி. சங்கீதப் புத்தகத்தில் புலம்பற் சங்கீதங்கள் ஏராளம். 13-ஆம் சங்கீதம் முறையீட்டில் தொடங்கித் துதியில் முடிகிறது. 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிகிறது. 137-ஆம் சங்கீதத்தின் இறுதியடிகளை ஆராதனையில் வாசிக்க நாம் கூசுகிறோம். ஆயினும் இவை வேதத்தில் உள்ளன. பழிவாங்கும் வெறியையும் மறைக்காமல் கடவுள்முன் கொட்டலாம் என்பதற்கு இவை சான்று.

டி.எம்.எக்ஸ். என்னும் கலைஞர் 1998-ல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பிலே, வன்முறை மலிந்த பாடல்களுக்கிடையே ஒரு ஜெபத்தைப் பேசிச் சேர்த்தார். பின்வந்த பல தொகுப்புகளிலும் இவ்வழக்கத்தைத் தொடர்ந்தார். சிறையும் போதைப் பழக்கமும் அவர் வாழ்வை விட்டு நீங்கவில்லை. 2021-ல், 50-ஆம் வயதில் அவர் மரித்தார். அவரை மாய்மாலக்காரர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் தம் வாழ்வின் முரண்பாட்டை மறைக்காமல் கடவுளிடம் பேசியவர் அவர் என்பதையும் மறத்தலாகாது.

கெண்ட்ரிக் லமார் 2012-ல் வெளியிட்ட தொகுப்பு இன்னும் ஆழமானது. கலிபோர்னியாவின் காம்ப்டன் நகர இளைஞர் சிலரின் கதையை அது கூறுகிறது. நண்பன் ஒருவன் சுடப்பட்டு மாண்டான். மற்றவர்கள் பழிவாங்கத் துடிக்கின்றனர். அப்போது ஒரு மூதாட்டி எதிர்ப்பட்டு, அவர்களது தாகம் எத்தகையது என்பதை உணர்த்தி, பாவியின் ஜெபத்தைச் சொல்லித் தருகிறார். கவிஞர் மாயா ஆஞ்சலு அம்மூதாட்டிக்குக் குரல் கொடுத்தார். அதே ஜெபத்தைத் தொகுப்பின் தொடக்கத்திலும் கேட்கிறோம். கேட்பவருக்கு அதன் பொருள் முடிவிலேதான் விளங்குகிறது. ஆலயத்துக்கு வெளியே, தெருவிலே, ஒரு பெண்ணின் வாயிலாக அந்த அழைப்பு வருவது கருதத்தக்கது. யோவான் நான்காம் அதிகாரத்தைப் போதிப்போர் இக்காட்சியை எளிதில் கடந்துசெல்லமாட்டார்கள்.

எதிர்ப்பும் செவிகொடுத்தலும்

திருச்சபையின் மறுமொழி ஒரே வகையாக அமையவில்லை. ஹார்லெமின் புகழ்பெற்ற அபிசீனிய பாப்டிஸ்ட் சபையின் போதகர் கால்வின் பட்ஸ், 1993-ல், பெண்களை இழிவுபடுத்தும் ராப் பாடல்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். ஒலிநாடாக்களையும் இசைத்தட்டுகளையும் குவித்து ரோடு ரோலரால் நசுக்கத் திட்டமிட்டார். இளைஞர் சிலர் எதிர்த்து நிற்கவே அதைக் கைவிட்டு, அவற்றை ஓர் இசை நிறுவனத்தின் அலுவலகத்துக்கு எடுத்துச்சென்று கொட்டச் செய்தார். அவரது கோபம் நியாயமானதே. பெண்களைச் சிறுமைப்படுத்துவதைப் புலம்பல் என்று கூறித் தப்பவியலாது. அவ்விழிவை விற்றுப் பணம் ஈட்டிய நிறுவனங்களை அவர் கண்டித்ததும் தீர்க்கதரிசிகளுக்குரிய செயலே. ஆயினும் ரோடு ரோலர் புலம்பலையும் இழிமொழியையும் பகுத்தறியாது. இரண்டையும் ஒன்றாகவே நசுக்கும்.

2004-ல் பிராங்க்ஸிலுள்ள மோரிசானியா எபிஸ்கோப்பல் சபை வேறொரு வழியைத் தெரிந்துகொண்டது. அப்பகுதி இளைஞரின் மொழியிலும் தாளத்திலும் திருவிருந்து ஆராதனையை அது அமைத்தது. ஹிப் ஹாப் பிறந்த மண்ணிலேயே அதற்குத் திருச்சபை கதவைத் திறந்தது எனலாம்.

துதிக்கு மட்டும் இடமோ?

கதவைத் திறந்தபின்னும் ஒரு சோதனை உண்டு. கிறிஸ்தவ ராப் கலைஞர் லெக்ரே 2013-ல் சிறந்த நற்செய்தி இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றார். வெள்ளையர் சுவிசேஷ வட்டாரங்கள் அவரைக் கொண்டாடின. 2014-ல் பெர்குசன் நகரில் கறுப்பின இளைஞர் ஒருவரைக் காவலர் சுட்டுக் கொன்றார். அதன்பின் லெக்ரே இனவெறியைக் குறித்துப் பேசியபோது, அதே வட்டாரங்களில் பலர் முகம் திருப்பினர். 2017-ல் அவர் அவ்வட்டாரங்களிலிருந்து விலகினார். அவருடைய துதி வேண்டியிருந்தது. அவருடைய புலம்பல் வேண்டியதாயில்லை.

மறுபுறம், இயேசுவின் பெயரைக் கேட்டவுடன் அகமகிழ்ந்து போவதும் ஆபத்தே. கான்யே வெஸ்ட் 2019-ல் இயேசுவை அரசர் எனப் பாடிய தொகுப்பை வெளியிட்டபோது சபையார் பலர் களிகூர்ந்தனர். 2022-ல் அவர் யூதரை வெறுக்கும் சொற்களை வெளிப்படையாகப் பேசினார். இயேசுவின் பெயர் ஒலிக்கிறதா என்பது மட்டும் அளவுகோலாகாது. அப்பாட்டு எவருடைய துன்பத்தைச் சுமக்கிறது, எவர்மீது துன்பத்தைச் சுமத்துகிறது என்பதையும் ஆராயவேண்டும்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தனர். அவன் தன் பிறந்தநாளைச் சபிக்கத் தொடங்கியதும் அவனைத் திருத்த முற்பட்டனர். முடிவிலோ கடவுள், தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசியவன் யோபுவே என்றார். அந்நண்பர்களுக்காக ஜெபிக்கும் பணியையும் அவனுக்கே அளித்தார். சபைக்கு வெளியே எழும் உரத்த குரலைக் கேட்கும் ஆயர்கள் இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. அக்குரலில் கண்டிக்கத்தக்கது இருப்பின் கண்டிக்கலாம். அதற்கு முன்னே, அதை முழுமையாகக் கேட்டிருக்கவேண்டும்.