மென்றால் மெலியுமா?

சென்ற ஆண்டு ஒரு நாள் பிற்பகல், எங்கள் கல்லூரியில் உடலியல் செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நாடித் துடிப்பை எண்ணிக் குறித்துக்கொள்ளும் எளிய பாடம். தோழியின் மணிக்கட்டைப் பிடித்தவாறு நின்றிருந்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, முகம் வெளுத்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்தோம், சற்றுத் தெளிந்தாள். "காலையில் என்னம்மா சாப்பிட்டாய்?" என்று கேட்டேன். அவள் வாய் திறக்கவில்லை. தோழிதான் சொன்னாள்: "பத்து நாளாக மதியச் சாப்பாடும் இல்லை சார். பசித்தால் சூயிங்கம் மெல்லுகிறாள்."

மறுநாள் அவளே என் அறைக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவளோ வாதாட வந்திருந்தாள். "மெல்லுவதால் மணிக்குப் பதினொரு கலோரி செலவாகிறது என்று அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள் சார். வருஷத்தில் ஐந்து கிலோ குறையுமாம். அது பொய்யா?" என்றாள். பொய் என்று சொல்லி அனுப்பிவிட எனக்கு ஆசைதான். ஆனால் அவள் சொன்ன கணக்கு உண்மையாகவே அச்சேறிய கணக்கு. அவள் எடையோ அவள் உயரத்துக்குச் சரியாகவே இருந்தது. குறைக்க வேண்டிய தேவையே இல்லை. ஆகவே ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்துவிட்டு வந்து பதில் சொல்வதாகக் கூறி அனுப்பினேன். அந்தப் பதிலைத்தான் இன்று வானொலி நேயர்களாகிய உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

சூயிங்கம் என்பது என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சப்போட்டாக் காயை முற்றுமுன் கடித்துப் பார்த்தவர்களுக்கு, உதட்டில் ஒட்டிக்கொள்ளும் அதன் பால் நினைவிருக்கும். அந்த மரத்தின் தாயகம் மெக்சிகோவும் அதன் அண்டை நாடுகளும். அடிமரத்தைக் கீறி வடித்த பாலைக் காய்ச்சினால் கிடைக்கும் பிசினுக்குச் 'சிக்கிள்' என்று பெயர். நியூயார்க் நகரத்துத் தாமஸ் ஆடம்ஸ் என்பவர் அதைச் சூயிங்கமாக்கி விற்றார். 1871-இல் அதைச் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமையும் பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மரத்துப் பிசினின் இடத்தைப் பெரும்பாலும் செயற்கைப் பிசின் பிடித்துக்கொண்டது. எதுவாயினும், வாயில் கரையாது, விழுங்கத் தக்கதுமன்று. பல்லுக்கு வேலை கொடுப்பதே அதன் தொழில்.

இனி அந்தப் பதினொரு கலோரிக்கு வருவோம். 1999-இல், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவீன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் ஏழு பேரை அமைதியாக இருக்கச் செய்து, உடல் செலவிடும் சக்தியை அளந்தார்கள். சும்மா இருக்கையில் மணிக்கு ஏறக்குறைய 58 கலோரி. (உணவைப் பற்றிப் பேசும்போது நாம் கலோரி என்பது இயற்பியலாரின் ஆயிரம் கலோரி என்பதை மாணவர்கள் அறிவார்கள்.) பிறகு, நிமிஷத்துக்கு 100 முறை வீதம் 12 நிமிஷ நேரம் சூயிங்கத்தை மெல்லச் சொன்னார்கள். மணிக்கு 11 கலோரி என்ற வீதத்தில் செலவு கூடிற்று. விழித்திருக்கும் நேரமெல்லாம் மென்றுகொண்டே இருந்து, வேறெதிலும் எவ்வித மாற்றமும் செய்யாதிருந்தால், ஓர் ஆண்டில் 5 கிலோவுக்கு மேல் கொழுப்புக் குறையக்கூடும் என்று எழுதினார்கள்.

அளவு சரி. அந்த 'இருந்தால்' என்ற சொல்லில்தான் சூட்சுமம் அடங்கியிருக்கிறது. பன்னிரண்டு நிமிஷம் கண்டதை ஓராண்டுக்கு நீட்டினால், நடுவில் மனிதனுக்குப் பசிக்காதா, பேச வேண்டாமா, தாடைதான் வலிக்காதா? மணிக்கு ஆறாயிரம் முறை மென்றால் கிடைப்பது 11 கலோரி. ஒரு சிறிய இட்லியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் மெல்லுகிறவன் செலவிடுவது, காப்பியில் போடும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். அதையும் அடுத்த வேளைச் சோற்றில் ஒரு கவளம் கூடுதலாக வைத்து உடல் ஈடு செய்துகொண்டுவிடும்.

"கலோரி போகட்டும் சார், பசி அடங்குகிறதே!" என்பது அவளுடைய அடுத்த வாதம். இது முதலாவதைக் காட்டிலும் நல்ல வாதம். இதற்கு விடை தேட ரஷ்ய நாட்டு அறிஞர் பாவ்லோவின் சோதனைச் சாலைக்குப் போக வேண்டும்.

மணியோசை கேட்டு உமிழ்நீர் சுரந்த நாயைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அவருக்கு 1904-இல் நோபல் பரிசு கிடைத்ததோ ஜீரணத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக. அந்த ஆராய்ச்சியில் ஒரு விசித்திரமான ஏற்பாடு உண்டு. நாயின் உணவுக் குழாயைக் கழுத்தருகே வெட்டி, வெளியே திறக்கும்படி தைத்துவிடுவார். நாய் இறைச்சியை மென்று விழுங்கும். விழுங்கியது இரைப்பைக்குப் போகாமல் கழுத்து வழியே திரும்பத் தட்டில் விழும். ஆயினும் சில நிமிஷங்களில் வெறும் இரைப்பையில் ஜீரண நீர் ஊறத் தொடங்கிவிடும்! வாய்க்கும் இரைப்பைக்கும் இடையே செய்தி கொண்டு போகும் வேகஸ் நரம்புகளை அறுத்துவிட்டால், ஊறுவது நின்றுவிடும். (அந்த நீரைச் சேர்த்து, வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாக விற்று, ஆராய்ச்சிச் செலவுக்குப் பணம் ஈட்டினார் பாவ்லோவ். குடித்தவர்களை எண்ணி வியக்கத்தான் வேண்டும்.)

சூயிங்கம் மெல்லுவது இவ்வகைப் பொய் உணவே. 'சாப்பாடு வருகிறது' என்று வாய் தந்தி அடிக்கிறது. இரைப்பையும் குடலும் அதை நம்பி ஆயத்தமாகின்றன. அவை எவ்வளவு நம்புகின்றன என்பதற்கு ஜப்பானிலிருந்து ஒரு சான்று உண்டு. வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்தால் குடல் சில நாட்கள் அசைவற்றுக் கிடக்கும். 2002-இல் குன்மாவைச் சேர்ந்த மருத்துவர்கள், பெருங்குடலில் சிகிச்சை பெற்ற சிலருக்கு நாளைக்கு மூன்று வேளை சூயிங்கம் கொடுத்து மெல்லச் சொன்னார்கள். மெல்லாதவர்களைவிட அவர்களுக்குச் சுமார் ஒரு நாள் முன்னதாகவே வாயு பிரிந்தது. உணவு ஒரு துளியும் இறங்கவில்லை. செய்தி மட்டுமே இறங்கிற்று.

அப்படியானால் பசி? பாவ்லோவின் நாயைக் கவனியுங்கள். அது மணிக்கணக்கில் தின்றது. போதும் என்று நிறுத்தவில்லை. பசியைத் தொடங்கிவைக்க வாய் போதும். முடித்துவைக்க வயிறு வேண்டும்.

மனிதர்களிடம் செய்த சோதனைகளும் இதற்கு இசைவாகவே இருக்கின்றன. பிரிட்டனில் 60 பேருக்கு மதிய உணவு கொடுத்து, பின்னர் மணிக்கு ஒரு தரம் சூயிங்கம் மெல்லச் செய்து, மாலைச் சிற்றுண்டியை அளந்தார்கள். முடிவு 2007-இல் வெளிவந்தது. மென்றவர்கள் 36 கலோரி குறைவாகத் தின்றார்கள். இனிப்பின் மேல் ஆசையும் சற்றுத் தணிந்திருந்தது. ஆகவே என் மாணவி உணர்ந்தது கற்பனையன்று. ஆனால் அது ஒரு மாலைப்பொழுதின் கணக்கு. 2012-இல் வெளியான மற்றோர் ஆய்வில், அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில், உடல் பருத்த 201 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் எட்டு வாரம், தினமும் ஒன்றரை மணி நேரமாவது மென்றார்கள். மற்றவர்கள் மெல்லவில்லை. எடை பார்த்தபோது இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

ஏன் என்பதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ ஆராய்ச்சி குறிப்புக் கொடுக்கிறது. புதினாச் சுவையுள்ள சூயிங்கத்தை உணவுக்கு முன் மென்றவர்கள் உண்ட வேளைகள் குறைந்தன. ஆனால் உட்கார்ந்த வேளையில் கூடுதலாக உண்டார்கள். மொத்தத்தில் லாபமில்லை. அதோடு, அவர்கள் பழங்களைத் தின்பது குறைந்தது. பல் துலக்கியவுடன் ஆரஞ்சுச் சாறு குடித்தால் கசக்குமே, அதுபோலப் புதினா பழத்தின் சுவையைக் கெடுத்துவிடுகிறது என்று கருதினார்கள். எடை குறையாமல் பழம் மட்டும் குறைந்தது!

சூயிங்கத்தால் எடை குறைந்தே இராதா என்றால், குறைந்ததுண்டு. 2008-இல் பெர்லின் மருத்துவர்கள் இருவரைப் பற்றி எழுதினார்கள். 21 வயதுப் பெண் ஒருத்தி 11 கிலோ இளைத்திருந்தாள். 46 வயது மனிதர் ஒருவர் 22 கிலோ. மாதக்கணக்காக வயிற்றுப்போக்கு. பலவாறு சோதித்தும் காரணம் அகப்படவில்லை. கடைசியில் உணவுப் பழக்கத்தைத் துருவிக் கேட்டபோதுதான், இருவரும் சர்க்கரையில்லாச் சூயிங்கத்தை நாளெல்லாம் மென்றவர்கள் என்று தெரிந்தது. அதில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டால் என்ற பொருளைச் சிறுகுடல் முழுவதும் உறிஞ்சுவதில்லை. தங்கியது நீரை இழுக்கும். மெல்லுவதை விட்டார்கள், போக்கு நின்றது, எடையும் ஏறிற்று. அவர்களை இளைக்கச் செய்தது நோய்.

'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வது நினைவுக்கு வரலாம். அது தின்னும் சோற்றுக்குச் சொன்னது. அமெரிக்காவில் ஹொரேஸ் ஃபிளெட்சர் என்பவர், பருமன் காரணமாக ஆயுள் காப்பீடு மறுக்கப்பட்டதும், ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும் வரை மென்று உண்ணத் தொடங்கி இளைத்தார். அதை ஓர் இயக்கமாகவே பரப்பினார். அவர் சொன்னவற்றில் பாதி வேடிக்கை. ஆனால் நிதானமாக மென்று உண்பவன், வயிற்றின் 'போதும்' என்ற செய்தி மூளைக்கு எட்டுவதற்கு அவகாசம் தருகிறான் என்பது உண்மை. அவர் மென்றது உணவை.

இவற்றையெல்லாம் இரண்டு மாலைகளில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பெர்லின் கதைக்கு மட்டும் முகம் சுளித்தாள். "அப்படியானால் மெல்லவே கூடாதா சார்?" என்றாள். சாப்பிட்ட பிறகு, சர்க்கரையில்லாதது ஒன்றை மெல்லலாம். உமிழ்நீர் பெருகிப் பல்லைக் கழுவும், அது பல்லுக்கு நல்லது என்றேன். இப்போது அவள் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் மதிய இடைவேளையில் தோழிகளோடு உட்கார்ந்து தயிர்ச் சோற்றைக் காலி செய்துவிட்டு, அவ்வழியே போன என்னிடம் ஒரு சூயிங்கத்தை நீட்டினாள். எனக்குக் கட்டுப்பல், ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லித் தப்பித்து வந்தேன்.