கடைமடைக்கு வராத பேஸ்

சப்வூஃபர் மாட்டிய புதிதில் பாட்டில் உருமி முழங்கினால் என் காரின் கண்ணாடியும் சேர்ந்து அதிரும். சில மாதங்களில் அந்த முழக்கம் சுருங்கி, அட்டைப் பெட்டியைத் தட்டுவதுபோல் ஆகிவிட்டது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். டிக்கியைத் திறந்து ஆம்பின் கெயின் குமிழை முழுக்கத் திருகினேன். பேஸ் கொஞ்சம் ஏறியது. கூடவே, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க உயரும் ஒரு இரைச்சலும் வந்து சேர்ந்தது. கடையில் காட்டியபோது, "சப் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். சப்வூஃபரில் ஒரு குறையும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு வர வேண்டிய சிக்னல் வந்து சேரவில்லை.

கடைமடை வயல் காய்ந்தால் வயலையா மாற்றுவோம்? மதகு திறந்திருக்கிறதா, வாய்க்கால் எங்கே உடைந்திருக்கிறது என்று தலைமடையிலிருந்து நடந்து பார்ப்போம். கார் ஒலி அமைப்பிலும் அதே நடைதான் வேண்டும்.

தலைமடை டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டீரியோ. அதன் முதுகிலிருந்து புறப்படும் ஆர்சிஏ கேபிள் தரைவிரிப்புக்கு அடியில் நாலைந்து மீட்டர் ஓடி ஆம்பை அடைகிறது. ஆர்சிஏ என்பது ரேடியோ கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்காவின் சுருக்கம். இசைத்தட்டுப் பெட்டியை வானொலியோடு இணைக்க அந்த நிறுவனம் கொண்டுவந்த பிளக் இன்றும் அதே வடிவில் இருக்கிறது: நடுவில் ஒரு ஊசி, சுற்றிலும் ஒரு வளையம். ஊசி வழியே போகும் சிக்னலுக்கு வளையம்தான் திரும்பும் பாதை. பலரும் ஊசியை மட்டும் கவனித்து, வளையத்தை மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கேபிளில் ஓடுவது மிகச் சிறிய மின்னழுத்தம். ஸ்டீரியோவைப் பொறுத்து அதிகபட்சம் 2 வோல்ட், 4 வோல்ட் என்று இருக்கும். 2 ஓம் சப்வூஃபருக்கு 500 வாட் கொடுக்க வேண்டுமானால் ஆம்ப் சுமார் 32 வோல்ட் தள்ள வேண்டும். அதாவது 2 வோல்ட்டை 16 மடங்காக்க வேண்டும். வழியில் தேய்ந்து அரை வோல்ட்தான் வந்து சேர்கிறது என்று வையுங்கள். மின்னழுத்தம் கால்வாசியானால் வாட் பதினாறில் ஒரு பங்காகிவிடும். 500 வாட் ஆம்ப் 31 வாட் ஆம்பாக உட்கார்ந்திருக்கும்.

கெயின் குமிழைக் கூட்டினால் இது சரியாகாதா? அந்தக் குமிழ் வால்யூம் அல்ல. ‘உனக்கு வரும் சிக்னல் இத்தனை வோல்ட்’ என்று ஆம்புக்குச் சொல்லிவைக்கும் அளவு அது. பல ஆம்ப்களில் அதன் ஒரு முனையில் 6 வோல்ட், மறுமுனையில் 0.2 வோல்ட் என்றே அச்சிட்டிருக்கும். 0.2 பக்கம் திருப்பினால் மெலிந்த சிக்னலோடு, வழியில் ஒட்டிக்கொண்ட ஆல்டர்னேட்டர் இரைச்சலும் அதே மடங்கு பெருகும். சிக்னல் திடீரென்று முழுசாக வந்துவிட்டாலோ அலையின் உச்சி வெட்டுப்பட்டு, சப்வூஃபரின் கம்பிச்சுருள் சூடேறிக் கருகும். காரணம் தெரியாமல் கெயினைத் தொடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முதல் சோதனைக்கு மீட்டர்கூட வேண்டாம். செல்போனின் ஹெட்போன் துளையிலிருந்து ஆர்சிஏவாகப் பிரியும் சின்ன ஒயரை ஆம்பில் நேராகச் செருகி, சத்தத்தை மெல்ல ஏற்றுங்கள். பேஸ் நன்றாக வந்தால் ஆம்பும் சப்வூஃபரும் குற்றமற்றவை. என் காரில் வந்தது. சந்தேகம் முழுவதும் முன்பக்கம் போய்விட்டது.

அடுத்து மல்டிமீட்டர். காரில் ஓடுவது டிசி என்றாலும் இசை ஏசிதான். மீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். 50 ஹெர்ட்ஸில் சீராக ஒலிக்கும் சோதனை ஒலி ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண மீட்டரே அதைச் சரியாகக் காட்டும். ஸ்டீரியோவை அணைத்துவிட்டு, ஆம்ப் பக்கத்து ஆர்சிஏ பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு ஒலியை ஓடவிட்டு, வால்யூமை முக்கால்வாசி வைத்து, ஊசிக்கும் வளையத்துக்கும் இடையே அளவு எடுங்கள். அதையே ஸ்டீரியோவின் முதுகிலும் எடுங்கள். முன்னால் நிறைவாகவும் பின்னால் குறைவாகவும் இருந்தால் கேபிள்தான் குற்றவாளி. சீட் தண்டவாளத்தில் நசுங்கியிருக்கும், அல்லது பிளக்கின் வளையம் தளர்ந்திருக்கும்.

ஸ்டீரியோவிலேயே குறைவாக இருந்தால் முதலில் மெனுவைப் பாருங்கள். சப்வூஃபர் அளவை யாராவது கீழே இறக்கியிருக்கலாம். பின் ஸ்பீக்கருக்கா சப்வூஃபருக்கா என்ற தேர்வு மாறியிருக்கலாம். புளூடூத்தில் கேட்பவர்கள் போனின் வால்யூமையும் பார்க்க வேண்டும். அங்கே பாதியில் நின்றால் தலைமடைக்கு மேலேயே தண்ணீர் குறைவு.

என் காரில் மெனு சரியாக இருந்தது. ஊசிக்கும் வளையத்துக்கும் இடையே அரை வோல்ட்கூட இல்லை. மீட்டரின் ஒரு முனையை வளையத்திலிருந்து எடுத்து ஸ்டீரியோவின் உலோக உடம்பில் வைத்தேன். ஏறக்குறைய 2 வோல்ட்! ஊசி தன் வேலையைச் செய்திருக்கிறது. வளையம்தான் உள்ளே அறுந்திருக்கிறது. சில ஸ்டீரியோக்களில் வளையத்தை உடம்போடு இணைப்பது சர்க்யூட் பலகையில் முடி போல ஓடும் செப்புக் கோடு, அல்லது கடுகளவு ஃப்யூஸ். அது ஏன் கருகியது? டிக்கியில் ஆம்பின் எர்த் ஒயரைப் பெயின்ட்டைச் சுரண்டாமல் அப்படியே முடுக்கியிருந்தார்கள். நாளடைவில் பிடி தளர்ந்தது. ஆம்புக்குப் போன பெரிய கரண்ட் திரும்ப வழியில்லாமல், அந்த முடி போன்ற பாதையில் புகுந்து அதை எரித்துவிட்டது. ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆர்சிஏவைப் பிடுங்கினாலும் இந்த விபத்து நடக்கலாம்.

பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் தகட்டில் எர்த்தை இறுக்கினேன். இதை முதலில் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் எரியும். பிறகு வளையத்திலிருந்து ஸ்டீரியோவின் உடம்புக்கு ஒரு துண்டு ஒயர் சால்டர் செய்தேன். இரைச்சல் நின்றது.

சிக்னல் சரியாக இருந்தும் பேஸ் மெலிந்தால் பவர் ஒயரைச் சந்தேகிக்கலாம். 500 வாட் தரும் ஆம்ப் 45 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வீட்டு பிளக் பாயின்ட்டுக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை 5 மீட்டர் இழுத்திருந்தால், வழியிலேயே ஒன்றரை வோல்ட் தொலையும், ஒயரும் சுடும். அது தீ ஆபத்து. சப்வூஃபரின் பிளஸ், மைனஸ் மாறியிருந்தாலும் கதவு ஸ்பீக்கர்களோடு மோதி பேஸ் கரைந்துபோகும். இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டுக் கேட்டாலே தெரிந்துவிடும்.

எல்லாம் சரியான பிறகு கெயினுக்கு வாருங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள்: 500 வாட், 2 ஓம் என்றால் 31.6 வோல்ட். சப்வூஃபர் ஒயரைக் கழற்றிவிட்டு, அதே 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் மீட்டரை வைத்து, குமிழை அடியிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். 31 வந்ததும் நிறுத்துங்கள். என் ஆம்பில் அது கால்வாசித் திருப்பத்துக்குள்ளேயே வந்துவிட்டது.